துடுப்புப் படகும் ஒரு சாண் தண்ணீரும்

பிச்சாவரம் அலையாத்திக்காட்டில் படகு டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் பொதுவாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எவ்வளவு நேரம்? எவ்வளவு ரூபாய்? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்டால் துடுப்புப் போடுகிறவர் உங்களை ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பார். "அண்ணே, தண்ணி இப்ப ஏறுதா, வத்துதா?"

அந்தச் சவாரியில் நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. தண்ணீர் வற்றியிருந்தால் குறுகிய வாய்க்கால்களுக்குள் படகு நுழையாது, தரை தட்டிவிடும். ஆனால் கரையோரச் சேறு வெளியே வந்திருக்கும். நண்டுகள் மேய்வதையும், அவற்றுக்காகக் கொக்கும் நாரையும் காத்து நிற்பதையும் பார்க்கலாம். தண்ணீர் ஏறியிருந்தால் காட்டுக்குள் வெகுதூரம் போகலாம். அப்போது படகும் சேர்ந்து உயர்ந்துவிடுவதால் கிளைகள் தலையில் இடிக்கும், குனிந்துகொண்டே போக வேண்டும். சேற்றில் நடக்கும் நாடகம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் நன்றாக ஏறி, வற்ற ஆரம்பிக்கும் நேரமாகப் பார்த்துப் படகேறுவது நல்லது.

நேற்று காலை பத்து மணிக்குப் போன நண்பர் பிரமாதம் என்றார் என்பதற்காக இன்றும் பத்து மணிக்குப் போய் நின்றால் பலிக்காது. இந்தக் கடற்கரையில் ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. நிலா பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவுக்கும் காரணமான ஏற்றம் ஒரு மீட்டரைக்கூடத் தாண்டுவது அபூர்வம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. இங்கே இடுப்பளவுகூட இல்லை. ஆனால் தரை கிட்டத்தட்டச் சமமாகக் கிடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாண் மேடாக இருக்கும் சேற்றுக்கும் ஒரு சாண் பள்ளமாக இருக்கும் சேற்றுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பள்ளம் தினமும் இரண்டு முறை நனையும், மேடு மாதத்தில் சில நாள்தான் நனையும். எந்த மரம் எங்கே நிற்கும், எது சாகும் என்பதை அந்த ஒரு சாண்தான் தீர்மானிக்கிறது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்றுக்கும் தெற்கில் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம். கடல் நீர் சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. நன்னீர் உப்பனாறு வழியாகவும், வயல்களின் வடிகாலோடு கான் சாகிப் வாய்க்கால் வழியாகவும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறக்குறைய உப்பில்லாமல் ஆகிவிடும். கோடையில் கடல் நீருக்குச் சமமாகக் கரிக்கும். "உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக்காடு" என்று சுற்றுலா விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். அதை நம்ப வேண்டாம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தபோது இதன் பரப்பு சுமார் 15 சதுர கிலோமீட்டர். சுந்தரவனம் 10,000 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நம் முத்துப்பேட்டையே இதைவிடப் பெரியது. பிச்சாவரத்தின் பெருமை பரப்பில் இல்லை. துடுப்புப் படகில் உட்கார்ந்தபடி ஒரு காட்டின் உறுப்புகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க இதைப்போல் வசதியான இடம் குறைவு.

சரி, படகில் ஏறிவிட்டோம். அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து ஒரு சிறு வாய்க்காலுக்குள் திரும்பியதும் வெளிச்சம் பச்சையாகிறது. இரண்டு பக்கமும் தண்டிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றிய வேர்கள். இது சுரபுன்னை. எல்லோரும் போட்டோ எடுப்பது இதைத்தான். பிச்சாவரத்தில் இரண்டு வகைச் சுரபுன்னையும், அவை இரண்டும் கலந்து பிறந்த ஒரு கலப்பினமும் இருக்கின்றன. அந்தக் கலப்பினத்துக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைவூட்டும் வகையில் 'அண்ணாமலையானா' என்று அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதில் நின்றுகொண்டு சுரபுன்னை எப்படித் தண்ணீர் குடிக்கிறது? உப்பு நீரில் ஊறப்போட்ட மாங்காய் சுருங்குவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மரத்துக்கும் அதே ஆபத்துதான், கடல் அதன் வேரிலிருந்து தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். இந்த இழுப்பு சுமார் 25 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். கார் டயரில் நாம் அடிப்பது இரண்டு, இரண்டரைதான். இதை முறியடிக்க மரம் எதிர்ப்பக்கம் இன்னும் பலமாக இழுத்தாக வேண்டும்.

இழுக்கிறது என்பதை 1965இல் ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞரும் அவரது குழுவும் அளந்து காட்டினார்கள். வழி எளிமையானது. ஒரு குச்சியை வெட்டி, வெட்டுவாய் வெளியே நீட்டியிருக்கும்படி இரும்புக் கலத்துக்குள் இலைகளை அடைத்து, உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்ற வேண்டும். எந்த அழுத்தத்தில் வெட்டுவாயில் சாறு துளிர்க்கிறதோ, அந்த அளவு இழுவிசையை மரம் உள்ளே வைத்திருந்தது என்று பொருள். அலையாத்தி மரங்களில் அது 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. இலைகளில் ஆவியாகும் நீர் மேலிருந்து இழுக்க, வேரின் சவ்வுகள் உப்பைப் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்திவிட்டு நீரை மட்டும் விடுகின்றன. நம் வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் வேலையேதான். அதற்கு மோட்டார் வேண்டும், சுரபுன்னைக்கு வெயில் போதும்.

அங்கங்கே மஞ்சளாகத் தெரியும் இலைகளைக் காட்டி, "மரம் உப்பையெல்லாம் இந்த இலைக்கு அனுப்பி உதிர்த்துவிடுகிறது" என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. உலகம் முழுக்க அலையாத்திக்காடுகளில் சொல்லப்படும் கதை இது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இலைகளை எடுத்து அளந்து பார்த்த ஆய்வுகளில் தேறவில்லை.

கிளைகளில் முருங்கைக்காய் மாதிரி தொங்குவதைக் காய் என்று நினைக்கத் தோன்றும். அது கன்று. விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடுகிறது, பல மாதம் அங்கேயே தொங்கி வளர்கிறது. உப்புச் சேற்றில் ஒரு விதை முதல் வேர் விடுவது கடினம், அதனால் அந்தக் கண்டத்தைத் தாயின் மடியிலேயே கடந்துவிட்டுப் பிறகு விழுகிறது. வற்றிய நேரத்தில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கலாம். பெரும்பாலானவை தண்ணீரில் விழுந்து முதலில் படுத்தபடி மிதக்கின்றன, நாளாக ஆக நிமிர்ந்து, ஆழமில்லாத இடத்தில் தரை தட்டி வேர் பிடிக்கின்றன. படகு தரை தட்டும் அதே இடங்கள்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். படகிலிருந்து தெரிவதைத்தான் காடு என்று நினைத்துத் திரும்புகிறோம். உண்மையில் சுரபுன்னை என்பது வாய்க்கால் ஓரத்துச் சரிகை மாதிரி, சில மீட்டர் அகலந்தான். அதற்குப் பின்னால் பரந்து கிடப்பது வெண்கண்டல். பிச்சாவரத்தில் மிகுதியாக இருக்கும் மரம் அதுவே. சுரபுன்னைத் திரையில் எங்காவது இடைவெளி கிடைத்தால் படகை நிறுத்தச் சொல்லி உள்ளே பாருங்கள். தரை முழுக்கப் பென்சில் நட்டுவைத்த மாதிரி குச்சிகள் நிற்கும். அவை கன்றுகள் இல்லை, மூச்சு வேர்கள்.

துடுப்பைச் சேற்றில் குத்தி எடுத்தால் கறுப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் கடல் நீரின் சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்குவதால் வரும் நாற்றம் அது. அந்தச் சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்குக் காற்று வெளியிலிருந்துதான் வர வேண்டும். சுரபுன்னையின் வில்வேரிலும் வெண்கண்டலின் பென்சில் வேரிலும் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கின்றன. காற்றை விடும், தண்ணீரை விடாது. இதே ஷோலாண்டர் 1955இல் சுரபுன்னையின் அந்தத் துளைகளை மசகு பூசி அடைத்துப் பார்த்தார். சேற்றுக்குள் இருந்த வேரில் 15 சதவீதத்துக்கு மேல் இருந்த ஆக்சிஜன் இரண்டு நாளில் 2 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

வெண்கண்டலில் அவர் கண்டது இன்னும் நுட்பமானது. தண்ணீர் ஏறி மூச்சு வேரை மூழ்கடித்ததும், உள்ளே இருக்கும் ஆக்சிஜனை வேர் செலவழிக்கிறது. வெளிவரும் கரியமில வாயு நீரில் கரைந்துபோகிறது. அதனால் வேருக்குள் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் வடிந்து துளைகள் வெளியே தெரிந்த நொடியில் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதாவது மரத்துக்கு நுரையீரல் இல்லை, ஓதம்தான் அதற்காக மூச்சை இழுத்து விடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூச்சு. தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெண்கண்டல் உப்பை வேரிலேயே முழுக்கத் தடுப்பதில்லை. கொஞ்சம் உள்ளே விட்டு, இலையில் இருக்கும் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. மழையில்லாத நாளில் இலை மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆனால் மரம் தெரியாமல் இலையை வாயில் வைக்க வேண்டாம். நிலத்தை ஒட்டிய மேட்டுப் பகுதிகளில் தில்லை மரம் இருக்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம், நடராசர் கோயிலின் தல விருட்சம் இதுதான். இன்று கோயிலைச் சுற்றித் தில்லைவனம் கிடையாது, பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரம்தான் வர வேண்டும்.

உயிரினங்களைப் பார்க்கத்தான் வந்தோம் என்பவர்களுக்கு: கார்த்திகை முதல் மாசி வரை வலசைப் பறவைகள் இருக்கும், காலைப் படகு நல்லது. மீன்கொத்திகளில் கறுப்புத் தலையும் பவளச் சிவப்பு அலகும் கொண்ட கருந்தலை மீன்கொத்தியைத் தேடுங்கள், ஊர்க்குளங்களில் பார்க்கக் கிடைக்காதது. நீர்நாயும் நரியும் உண்டு, ஆனால் சத்தம் போட்டுச் செல்ஃபி எடுக்கும் பத்துப் படகுகளுக்கு நடுவில் அவை தலைகாட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். விசைப்படகு அகன்ற வாய்க்காலோடு நின்றுவிடும், எனவே துடுப்புப் படகே என் தேர்வு.

எனக்குப் பிடித்தவை சிறிய பிராணிகள். ஒரு கொடுக்கு மட்டும் உடல் எடையில் பாதியை நெருங்கும் அளவுக்குப் பெருத்த ஆண் நண்டு, அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். அந்தக் கொடுக்கால் சாப்பிட முடியாது, சின்னக் கொடுக்கு ஒன்றைக்கொண்டே காலம் தள்ளுகிறது. இந்த நண்டுகள் தோண்டும் வளைகள் வழியாக ஓத நீரும் காற்றும் சேற்றுக்குள் போகின்றன. காசில்லாமல் உழுது கொடுக்கிறது என்று சொல்லலாம். பக்கத்திலேயே சேற்றில் தத்தித் தாவுவது மீன். உளுவை இனம். செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டும் ஈரத்தோல் வழியாகவும் கரையில் மூச்சு விடுகிறது.

இனி அந்த ஒரு சாண் கணக்கைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பின்னும் 1970கள் வரை, இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மொட்டையடித்தார்கள். வெட்டினால் தானே முளைத்துவிடும் என்ற கணக்கு. முளைக்கவில்லை. பல காலம் ஆடு மாடு மேய்ச்சல்மீதும் விறகு பொறுக்குகிறவர்கள்மீதும் பழி விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணைப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து, சுருங்கி, நடுவில் தொட்டி மாதிரி அமுங்கிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாகி, உப்பு கடலைவிடப் பல மடங்கு கூடியது. கன்று நட்டால் செத்தது. வேலி போட்டாலும் செத்தது.

1990களில் அந்த நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து செய்தது, முதலில் கால்வாய் வெட்டியது. நடுவே ஒரு பெரிய கால்வாய், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள், பார்ப்பதற்கு மீன் முள். ஓதம் உள்ளே வந்து, மண்ணைக் கழுவி, வெளியே போகத் தொடங்கியது. உப்பு இறங்கிய பிறகு கரையோரம் கன்று நட்டார்கள். இந்த முறை பிழைத்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காடு ஊர்களைக் காப்பாற்றியதா என்று எல்லோரும் கேட்பார்கள். கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. அப்புறம் வேறு ஆய்வாளர்கள், அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம், ஏனென்றால் அலையாத்தி மரம் நிற்பதே அலை நேராக மோதாத ஒதுக்குப்புறத்தில்தான். வழக்கமான புயல் அலையை அடர்ந்த வேர்க்காடு தணிக்கும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை.

படகு திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் வற்றியிருக்கும். சுரபுன்னை வேர்களில் ஈரக்கோடு ஒரு சாண் மேலே தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன் தண்ணீர் அங்கே இருந்தது. ஆழமில்லாத இடங்களில் இருளர்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கரைக்கு வந்ததும் போனில் மேப்பைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தில் பிச்சாவரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாம்பு மாதிரி நெளியும் கோடுகள் ஓதம் அறுத்த வாய்க்கால்கள். நேர்க்கோடாக, இருபக்கமும் முள் வைத்து ஓடுபவை மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டியவை. அவற்றின் ஓரங்கள் இப்போது பச்சையாக இருக்கின்றன.