லைஃப்போட்: உயிர்காப்புப் படகா, மீட்புப் படகா?

லைஃப்போட் என்றதும் பெரிய கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் படகுதான் பலருக்கு நினைவுக்கு வரும். கப்பல் மூழ்கினால் அதில் ஏறித் தப்பிக்கலாம். உயிர், படகு என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்த இந்தப் பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஆபத்தில் இருப்பவர்களைத் தேடிக் கரையிலிருந்து புறப்படும் படகு.

1789இல் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்துவாரத்தில் ‘அட்வென்சர்’ என்ற கப்பல் தரைதட்டியது. கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாலுமிகள் மாண்டார்கள். மறுவருடமே இப்படித் தவிப்பவர்களை மீட்பதற்கென்று அங்கே ஒரு படகு கட்டப்பட்டது. 1824இல் இந்த மீட்புப் பணிக்காக நாடு முழுமைக்குமான தொண்டு நிறுவனம் தோன்றியது. அதன் பெயரில் லைஃப்போட் என்ற சொல் ஏறியது 1854இல்தான்.

இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் கரையில் மௌசல் என்றொரு மீனவர் கிராமம். பக்கத்துப் பென்லீ முனையில் 1913இல் படகுக் கொட்டகை கட்டினார்கள். கொட்டகையிலிருந்து சரிவுமேடை வழியாகப் படகு நேரே கடலில் வழுக்கி இறங்கும். ஓட்டியவர்கள் எல்லோரும் ஊர்க்காரத் தன்னார்வலர்கள். மீனவர்களோடு மதுக்கடை நடத்தியவரும் இருந்தார்.

1981 டிசம்பர் 19 இரவு, சூறைக்காற்றில் ‘யூனியன் ஸ்டார்’ என்ற சரக்குக் கப்பலின் இயந்திரம் நின்றுபோனது. அதில் 8 பேர். ஹெலிகாப்டரால் ஒருவரையும் தூக்க முடியவில்லை. பென்லீ கொட்டகையிலிருந்து ‘சாலமன் பிரவுன்’ என்ற படகில் 8 பேர் புறப்பட்டார்கள். ஒரே குடும்பத்திலிருந்து இருவர் வேண்டாம் என்று, தந்தையை ஏற்றிக்கொண்டு 17 வயது மகனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார் படகுத் தலைவர். நான்கு பேரை ஏற்றிவிட்டோம் என்று வானொலியில் சொன்னார்கள். அப்புறம் தொடர்பே இல்லை. 16 பேரும் இறந்தார்கள். ஒரு நாளுக்குள் புதிய குழுவுக்குப் போதுமான ஆட்கள் அதே கிராமத்திலிருந்து முன்வந்தார்கள். கரையில் நின்ற அந்த மகன் பின்னாளில் அந்த நிலையத்தின் படகுத் தலைவரானார்.

இவர்கள் ஏறிய படகையும் தப்பிக்க ஏறும் படகையும் ஒரே சொல்லால் குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கப்பலில் தொங்குவது உயிர்காப்புப் படகு. கரையிலிருந்து போவது மீட்புப் படகு, அதன் இடம் மீட்புப் படகு நிலையம். படகுத் தலைவரை ஆங்கிலத்தில் காக்ஸ்வெயின் என்பார்கள். சிறுபடகின் பணியாள் என்பது அதன் பழைய பொருள். தமிழில் அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. தூத்துக்குடித் தோணிக்காரர்கள் புழங்கும் ‘தண்டல்’ போதும்.