சிவாவாவுக்கு எந்தக் கோயில்?

போன தை மாதம் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மான் மகன் பெங்களூரிலிருந்து ஒரு சிவாவா நாயைக் கூட்டி வந்திருந்தான். இரண்டு கிலோ இருக்கும். முகத்தைவிடக் காது பெரியது. வளவு ஓரத்தில், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் வயிற்றை ஒட்டவைத்துப் படுத்துக் கிடந்தது. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, புதிதாக வரும் யாரிடமும் கேட்பதையே கேட்டார்.

"இது எந்த ஊரு? எந்தக் கோயிலு?"

"மெக்சிகோ, அப்பத்தா" என்றான் அவன். கோயிலுக்கு அவனிடம் பதில் இல்லை.

நகரத்தார் அல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று எங்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள். பிள்ளைக்கு அப்பச்சியின், அதாவது அப்பாவின் கோயில்தான் கோயில். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. பெண் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. ஆயா கேட்டது ஒரு பரம்பரைக் கேள்வி. அந்த நாயைப் பற்றி உயிரியலாளர்கள் இத்தனை காலமாகக் கேட்டு வருவதும் அதே கேள்வியைத்தான்.

பெயரை மட்டும் பார்த்தால் மெக்சிகோ என்பது சரி. சிவாவா வட மெக்சிகோவில் ஒரு மாநிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பக்கம் போன அமெரிக்கர்கள் இந்தக் குட்டி நாய்களை வாங்கி வந்தார்கள், வாங்கிய இடத்தின் பெயரே நாய்க்கும் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய கதைக்கு இனச் சான்றிதழ் உதவாது. நாய்ப் பரம்பரையைப் பதிவு செய்யும் சங்கம் இங்கிலாந்தில் தொடங்கியதே 1873இல்தான், அமெரிக்காவில் 1884இல்.

எனவே ஆளுக்கொரு கதை. மெக்சிகோவின் பழங்குடிகள் வளர்த்த டெச்சிச்சி என்ற குட்டி நாயின் வாரிசு இது என்பது ஒன்று. மேற்கு மெக்சிகோவின் கொலீமா பகுதிக் கல்லறைகளில் சுமார் 2000 ஆண்டுப் பழமையான, உருண்டு திரண்ட சுடுமண் நாய்ப் பொம்மைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் சான்றாகக் காட்டுவார்கள். மத்தியதரைக் கடலின் மால்டா தீவிலிருந்து ஸ்பானியக் கப்பலில் வந்தது என்பது இன்னொன்று. குழந்தைக்கு இருப்பதுபோல உச்சிக்குழி மூடாமலே வளரும் குட்டி நாய்கள் அங்கேயும் உண்டாம், சிவாவாவுக்கும் பல சமயம் அது மூடுவதில்லை. வாத்திகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் போத்திசெல்லி 1482 வாக்கில் தீட்டிய சுவரோவியத்தில் ஒரு சிறுவன் கையில் குட்டி நாய் இருக்கிறது. கொலம்பஸ் கப்பலேறியதோ 1492இல். இதையும் மால்டா கட்சிக்காரர்கள் விடுவதில்லை.

இரண்டு தரப்பும் செய்வது ஒரே தவறு. சாயலை வைத்து உறவைச் சொல்கிறார்கள்.

நாயின் உடம்பு அளவை ஆட்டிவைக்கும் மரபணுக்களில் முக்கியமானது ஐஜிஎஃப்-1. வளர்ச்சிக்கான ஒரு ஹார்மோனை உண்டாக்கும் குறிப்பு அது, 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 2007இல் பெரிய இனங்களையும் சிறிய இனங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, சிறிய இனங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த இடத்தில் ஒரே மாதிரியான டிஎன்ஏ இருந்தது. 2022இல் அதற்கான மாற்றத்தையே கண்டுபிடித்தார்கள், அதில்தான் ஆச்சரியம். மனிதன் நாயைப் பழக்கிய பிறகு, ஆசைக்கு வளர்த்து வளர்த்து வந்த புதுச் சரக்கு இந்தக் குள்ள வடிவம் என்றுதான் நினைத்திருந்தார்கள். உண்மை தலைகீழ். குள்ள வடிவம்தான் பழையது, பெரிய வடிவம் பின்னால் வந்தது. நரி இனங்களிலும் குள்ள வடிவம் இருக்கிறது. சைபீரியாவில் கிடைத்த, 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓநாய் ஒன்றிலும் இருந்தது. நாய் என்ற ஒன்று உலகத்தில் தோன்றும் முன்பே எழுதப்பட்ட எழுத்து அது. மால்டாவிலும் மெக்சிகோவிலும் தனித்தனியாக யார் வேண்டுமானாலும் அதைப் பொறுக்கி எடுத்து நாயைச் சிறிதாக்கியிருக்கலாம். இரண்டு குட்டி நாய்கள் ஒன்றுபோல இருப்பதால் பங்காளி ஆகிவிட முடியாது.

சரி, டிஎன்ஏவைப் படித்தால் கோயில் தெரிந்துவிடாதா? தெரியும், ஆனால் எந்த ஏட்டைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து.

நாயின் செல்லுக்குள் உட்கருவில் 39 ஜோடி குரோமோசோம்கள், சுமார் 240 கோடி எழுத்துகள். இவற்றில் பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வரும். உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இன்னொரு சின்ன ஏடு இருக்கிறது, ஏறக்குறைய 16,700 எழுத்துகள். அது தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆயா காதில் கிடக்கும் வைரத் தோடு அவருடைய ஆத்தா போட்டிருந்தது, அதற்கு முன் அந்த ஆத்தாவின் ஆத்தா. நகரக் கோயில் ஆண்வழியில் போகிறது, தோடு பெண்வழியில் வருகிறது. மைட்டோகாண்ட்ரியா அந்தத் தோடு.

இப்போது 1521க்குப் பிறகான, ஸ்பானியர் பிடித்துவிட்ட மெக்சிகோவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பெட்டை ஒன்று, கப்பலில் வந்த ஐரோப்பியக் கடுவனோடு சேர்கிறது. குட்டியிடம் உள்ளூர்ப் பங்கு பாதி. அந்தப் பெட்டைக் குட்டி வளர்ந்து இன்னொரு ஐரோப்பியக் கடுவனோடு சேர்ந்தால் கால். அப்புறம் அரைக்கால். ஏழாம் தலைமுறையில் 128இல் ஒரு பங்கு, அதாவது ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரு நாய்த் தலைமுறை மூன்று நான்கு வருடம் என்று வைத்தால், ஏழு தலைமுறைக்கு முப்பது வருடம்கூட ஆகாது. ஆனால் தோடு? ஒரு கல்கூட உதிராமல் அப்படியே இருக்கும்.

ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தெரிவதற்கு இதுதான் காரணம். 2013இல் ஸ்வீடன் விஞ்ஞானிகளின் குழு, கொலம்பஸுக்கு முந்தைய மெக்சிகோ நாய்களில் இருந்த ஒரு தனித்த தாய்வழி வகையை இன்றைய சிவாவாவில் கண்டது. 2018இல் இன்னொரு பெரிய குழு அமெரிக்கக் கண்டத்தின் பழைய நாய் எலும்புகளைப் படித்தது: 71 நாய்களின் மைட்டோகாண்ட்ரியா, 7 நாய்களின் உட்கரு. அந்த நாய்கள் அமெரிக்க ஓநாயிலிருந்து வந்தவை அல்ல, சைபீரியப் பக்கமிருந்து மனிதர்களோடு வந்தவை. ஐரோப்பியர் வந்த பிறகு ஏறக்குறைய முழுதாக அழிந்துபோனவை. இன்றைய நாய்களின் உட்கருவில் அவற்றின் சுவடு மிக மிகக் குறைவு. 2025இல் வந்த ஆய்வோ, சில சிவாவாக்களில் அந்தப் பழைய மெக்சிகோத் தாய்வழி இன்னும் இருப்பதாக மறுபடியும் சொன்னது. ஒன்றை ஒன்று மறுக்கவில்லை. ஒரு முடிவு உட்கருவை வைத்துச் சொன்னது, மற்ற இரண்டும் தோட்டை வைத்துச் சொன்னவை.

ஒரு கண்டத்து நாய்க்கூட்டமே போய்விட்டது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவற்றின் நெருங்கிய உறவு ஒன்று மிச்சமிருக்கும் இடமும் விசித்திரமானது. நம் தெருநாய்களுக்கு இனப்பெருக்க உறுப்பில் வரும் தொற்றுப் புற்றுநோயைக் கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அது கிருமியால் பரவுவதில்லை, புற்றுச்செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவுகிறது. அப்படியானால் அந்தச் செல்லின் டிஎன்ஏ நோயுற்ற நாயுடையது அல்ல. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் முதன்முதல் அந்நோய் கண்ட ஒரே ஒரு நாயுடையது. 2018 ஆய்வில், அமெரிக்காவின் அழிந்துபோன நாய்களுக்கு மிக நெருங்கிய உறவாக நின்றது அந்த நாய்தான். காரைக்குடிச் சந்தில் படுத்திருக்கும் ஒரு நோயாளி நாயின் கட்டியில் அது இன்னும் செல்லாக வாழ்கிறது.

அன்று இரவே ஆயாவிடம் இதையெல்லாம் முடிந்த அளவு சொன்னேன். "சில சிவாவாவுக்கு ஆத்தா வழி மெக்சிகோ ஆயா, மத்ததெல்லாம் பெரும்பாலும் சீமை."

ஆயா தோட்டைத் திருகிக்கொண்டே யோசித்தார். "அப்ப அந்த ஆத்தாவும் இத்தனூண்டுதானா?"

அதற்குத் தோடு பதில் சொல்லாது. உடம்பளவைத் தீர்மானிக்கும் எழுத்துகள் எல்லாம் உட்கருவில் இருக்கின்றன. சிவாவாவின் குள்ளம் மெக்சிகோ ஆத்தா கொடுத்ததா, சீமைத் தகப்பன் கொடுத்ததா என்று சொல்ல, பழைய மெக்சிகோ நாய் எலும்புகளின் உட்கருவைப் படித்தாக வேண்டும். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஏட்டுக்கு நூற்றுக்கணக்கான பிரதிகள், உட்கருவுக்கு இரண்டே பிரதி. வெப்ப மண்ணில் எலும்பு கிடக்கக் கிடக்க டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதையும். நூறு பிரதியில் ஒன்றாவது தப்பும், இரண்டு பிரதியில் தப்புவது அபூர்வம். 2018இல் தாய்வழிக்கு 71 நாய் கிடைத்த இடத்தில் உட்கருவுக்கு ஏழு மட்டும் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.