ஓடையில் கரையும் உரம்

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட நாட்களில், நுவரெலியாப் பக்கம் கோவாவும் லீக்ஸும் பயிரிடும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, டவுனில் மலக்குழிகளை இறைத்து பவுசரில் ஏற்றுகிறார்களே, அது எங்கே போகிறது?" கழிவுநீர்ச் சுத்திகரிப்பே என் தொழில். ஆனாலும் எனக்கு நா எழவில்லை. தோட்டத்துப் பள்ளம் ஒன்றில், ஓடைக்குக் கைக்கெட்டும் தூரத்தில், அது கொட்டப்படுவதை நானே பார்த்திருந்தேன்.

இப்படி வீணாகும் நகரக் கழிவின் பெறுமதி என்ன? நகரக் கழிவுநீரில் லீற்றருக்கு 40 மில்லிகிராம் அளவில் நைதரசன் இருப்பது சாதாரணம். அப்படியானால் 1,000 கனமீற்றரில் 40 கிலோ. யூரியாவாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 87 கிலோ. அவ்வளவும் கைக்கு வந்துவிடாது. சுத்திகரிக்கும்போது நைதரசனில் பெரும்பங்கு வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். பொசுபரசின் கணிசமான பகுதியும் சேதனப் பொருளும் அடியில் படியும் சேறான கசடில் தங்கும். மழைக்கு மேல்மண் கரைந்தோடும் நம் சரிவு நிலங்களுக்கு அந்தச் சேதனப் பொருளே பெரிய வரவு என்பேன்.

கசடைப் பச்சையாக வயலில் போடவே கூடாது. குடற்புழு முட்டைகள் மண்ணில் பல மாதங்கள், சில வேளை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். கரட், சலாது இலை வழியாக நம் வீட்டுக்கே திரும்பி வரும். அதை முதலில் உலர்த்த வேண்டும். பிறகு சந்தையில் மிஞ்சும் மரக்கறிக் கழிவோடு கலந்து குவிக்க வேண்டும். குவியலின் உள்வெப்பம் 55 பாகைக்கு மேல் பல நாட்கள் நிற்க, வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டிவிட்டால் முட்டைகள் மடியும். மலைநாட்டுச் சந்தைகளில் மரக்கறிக் கழிவுக்கா பஞ்சம்? பலாங்கொடை நகர சபையின் கூட்டெரு நிலையம் மலக்கசடையும் இவ்வகையில் பயன்படுத்திக் காட்டியிருக்கிறது. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: கராஜ் எண்ணெயும் தொழிற்சாலைக் கழிவும் கலந்த கசடு உரமாகாது.

சாண எரிவாயுவைப் போல இதிலும் வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். பெரிய நகரங்களுக்கு அது பொருந்தும். வாயுவைத் தரும் நுண்ணுயிர்களுக்கு 35 பாகை அளவு வெப்பம் உகந்தது. நுவரெலியாவின் சராசரியோ 16 பாகையை ஒட்டியது. தாங்கியைச் சூடாக்கவே கிடைக்கும் வாயுவில் பெரும்பகுதி செலவாகிவிடும். எனவே சிறிய மலை நகரங்கள் உரத்திலிருந்து தொடங்குவதே இலாபம்.

கண்டிக்காக ஜப்பானின் கடனுதவியுடன் கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்திருக்கிறது. முன்பு கண்டி நகரின் ஊடே ஓடும் மெத எல என்ற ஓடை வழியாக நகர அழுக்கெல்லாம் மகாவலியில் கலந்தது. அந்த ஆற்று நீரைத்தான் குழாயிலும் குடிக்கிறோம். அழுக்கு குறைந்தால் குடிநீரைச் சுத்திகரிக்கும் செலவும் குறையும். அதுவும் வரவுதான். ஆனால் நிலக்கீழ்க் குழாய் எட்டாத ஹட்டன், பண்டாரவளை போன்ற ஊர்களின் பெரும்பாலான வீடுகளுக்குக் குழியும் பவுசரும்தான் கதி.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழியை இறைக்கப் பணம் கட்டும்போது, அந்தப் பெரியவர் கேட்டதையே கேளுங்கள்: எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்? இடத்தின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.