பியூட்டிஷியன்: பேர் ஒன்று, வேலை பல

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடந்தால் கண்ணாடிக் கதவில் ஒட்டிய அறிவிப்பு ஒன்று கண்ணில் படும்: 'பியூட்டிஷியன் தேவை. பேசிக் + கமிஷன்.' என்ன வேலை, கைக்கு எவ்வளவு வரும் என்பது உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும். சில கடைகளில் கேட்டாலும் தெரியாது.

என் அண்ணன் மகள் அப்படிச் சேர்ந்தவள்தான். மணப்பெண் ஒப்பனை என்று நினைத்துப் போனாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு காலை முதல் இரவு வரை புருவம் திருத்தினாள், இடையில் துண்டும் துவைத்தாள். கேட்டதற்கு, "எல்லாம் பியூட்டிஷியன் வேலதான்லா, ஏன் பிரிக்கிற?" என்றாராம் முதலாளியம்மா.

அவர் மேல் முழுப் பழியும் போட முடியாது. சொல்லே அப்படிப்பட்டது. அமெரிக்காவில் பிறந்தது, க்ளீவ்லாந்து நகரத் தொலைபேசிக் கையேட்டில் 1924இல் காணப்படுகிறது. 'பியூட்டி'யோடு மருத்துவரைக் குறிக்கும் 'ஃபிசிஷியன்' என்ற சொல்லின் வாலை ஒட்டிவிட்டார்கள், கொஞ்சம் கௌரவம் வரட்டும் என்று. அதற்கு முன்பே ஈமச்சடங்குக்காரர்கள் இதே வாலை ஒட்டி 'மார்ட்டிஷியன்' ஆகியிருந்தார்கள்! வால் மருத்துவருடையது என்பதற்காக ஊசியைத் தொடக்கூடாது. மலேசியாவில் பொடோக்ஸ், ஃபில்லர் போன்ற அழகு ஊசிகளைப் போட சுகாதார அமைச்சின் தனி அங்கீகாரம் பெற்ற மருத்துவருக்கே அனுமதி.

தமிழில் 'அழகுக்கலை நிபுணர்' என்று எழுதுகிறோம். நிபுணர் என்றால் தேர்ந்தவர். அது பாராட்டே தவிர வேலையின் பெயர் இல்லை. நேற்றுச் சேர்ந்த பெண்ணை எப்படி நிபுணர் என்பது? பொதுவாகச் சொல்ல 'அழகுக் கலைஞர்' போதும். வேலையைச் சொல்ல வேண்டுமானால் பிரித்துத்தான் ஆக வேண்டும். கூந்தலுக்குச் சிகையலங்காரர். முகத்துக்குச் சருமப் பராமரிப்பாளர் ('தோல்' என்று போட்டால் செருப்புக் கடை ஞாபகம் வருகிறது). மேக்கப் போடுகிறவர் ஒப்பனையாளர். 'ஒப்பனை' அருமையான சொல். 'ஒப்பு' என்ற வேரில் வந்தது, அலங்காரம், உவமை இரண்டும் அதன் பொருள்.

சரி, கமிஷன்? அகராதியில் 'தரகு' என்று இருக்கும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்றவர் பெறுவது தரகு. தன் கையாலேயே வேலை செய்தவளுக்கு அது பொருந்தாது. நான் 'வேலைப் பங்கு' என்பேன்.

'பேசிக்' அடிப்படைச் சம்பளம். பணம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 2025 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அது அடிப்படைச் சம்பளத்துக்கான கணக்கு; பேசிக் 1,000, கமிஷன் 700 என்று கூட்டிக் காட்டினால் செல்லாது. கமிஷன் மட்டுமே தரும் கடையிலும் மாத வரவு 1,700க்குக் குறையக் கூடாது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிக்கும்போது கமிஷனையும் சேர்க்க வேண்டும், வாடிக்கையாளர் கையில் திணிக்கும் டிப்ஸைச் சேர்க்க வேண்டியதில்லை.

அண்ணன் மகள் இப்போது வேறு கடையில் இருக்கிறாள். ஆஃபர் லெட்டரில் 'மேக்கப் ஆர்ட்டிஸ்ட்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பேசிக் ஒரு வரி, கமிஷன் ஒரு வரி. துண்டு துவைப்பது யார் வேலை என்று மட்டும் அதில் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொண்டாளாம்.