பற்றாத கரியும் வேல்ஸ்காரர்களின் சூடான காற்றும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்கே ஆந்த்ரசைட் என்னும் கெட்டி நிலக்கரி மலைமலையாகக் கிடந்தும், 1830களில் அங்கே இரும்பு உருக்கியவர்கள் காட்டை வெட்டி மரக்கரிதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன்? ஆந்த்ரசைட் லேசில் பற்றாது. அது ஏறக்குறைய முழுக்கக் கார்பன். சாதாரண நிலக்கரியில் முதலில் தீப்பிடித்து மற்றதையும் எரியவைக்கும் வாயுக்கள் இதில் ரொம்பக் குறைவு. சரி, இரும்பு உருக்கும் ஊதுலைக்குள் காற்றை வேகமாக அடித்தால்? வரும் குளிர்ந்த காற்றே சூட்டைத் தின்றுவிடும். சின்னக் கனலை ஓங்கி ஊதினால் அவிந்துபோகுமே, அதே கதை.

அப்படியானால் காற்றைச் சூடாக்கி அனுப்பவேண்டியதுதான். 1828இல் ஸ்காட்லாந்தின் நீல்சன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆந்த்ரசைட்டில் இதைச் சாதித்தது வேல்ஸின் இனிஸ்கெட்வின் ஆலை, 1837இல். உரிமையாளர் ஜார்ஜ் கிரேன், உலையைக் கவனித்தவர் டேவிட் தாமஸ். தனியாக ஓர் அடுப்பு, அதற்குள் இரும்புக் குழாய்கள், குழாய் வழியே ஓடும் காற்று 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி உலையின் அடியில் நுழையும், கரி அணையாமல் வெள்ளையாகக் கனலும்.

பென்சில்வேனியாவில் லீஹை ஆற்றங்கரையில் கரியும் கால்வாயும் வைத்திருந்த கம்பெனி, தன் கரிக்கு வாடிக்கை வேண்டுமென்று வேல்ஸுக்கே ஆளனுப்பித் தாமஸை 5 வருட ஒப்பந்தத்தில் அழைத்துவந்தது. உலைக்குக் காற்றடிக்கும் எந்திரத்தின் உருளைகள் கப்பலின் சரக்கு வாய்க்குள் நுழையாமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன, அப்புறம் பிலடெல்பியாவில் புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. 1840 ஜூலையில் அதே ஆற்றங்கரையில், இன்றைய கட்டசாக்குவா ஊரில் உலை மூட்டப்பட்டது. ஆந்த்ரசைட் உலைகள் பெருக, கரிக்குத் தேவையும் ஏறியது.

இப்போது பூமிக்கடியில் இறங்க ஆள் வேண்டும். வேல்ஸ்காரர்கள் அதே மாநிலத்தின் ஸ்க்ராண்டன் நகரில் ஹைட் பார்க் என்ற பகுதியில் கும்பலாகக் குடியேறினார்கள். எங்கே துளைபோடுவது, எவ்வளவு வெடிமருந்து திணிப்பது, தலைக்குமேல் பாறை எப்போது இறங்கும் என்பதெல்லாம் கைப்பழக்கம். முன்பே சுரங்கம் பார்த்தவர்களுக்கு அது இருந்தது. அதனால் வெடிவைத்துக் கரியை உடைப்பவர் பெரும்பாலும் வேல்ஸ்காரர், உடைந்ததை வண்டியில் அள்ளிப்போடும் கூலியாள் பல இடங்களில் ஐரிஷ்காரர். வண்டிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி, அதிலிருந்து கூலியாளுக்குக் கொடுப்பது உடைப்பவர்தான். போதுமான கரியை உடைத்தாயிற்றென்றால் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், அள்ளுகிறவன் இருட்டில் தொடர்ந்து அள்ளுவான். புகைச்சல் வராமலா இருக்கும்? பின்னால் கிழக்கு ஐரோப்பியர்கள் வந்திறங்கியதும், முந்தி வந்தவர்கள் தங்கள் இடத்தைக் காக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டார்கள்: 1889 முதல், 2 வருடம் சுரங்க அனுபவம் காட்டிச் சான்றிதழ் வாங்கியவர்தான் ஆந்த்ரசைட்டை உடைக்கலாம் என்று ஆயிற்று.