வெள்ளத்தண்ணில நின்ன காலுக்கும் பத்து நாள் கழிச்சு வர்ற காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுனத வேலூர்க்காரங்க மறந்திருக்க மாட்டோம். ஆத்துல தண்ணி பாக்குறதே அதிசயம்ங்குற ஊரு, அதனால பாலத்து மேல ஒரே கூட்டம், ஆனா கன்சால்பேட்டை மாதிரி தாழ்வான ஏரியால வீட்டுக்குள்ள பூந்த தண்ணி வேற ரகம், அதுல சாக்கடை, செப்டிக் டேங்க், எலி வளை எல்லாம் கலந்திருக்கும்.

அந்த எலிதான் மேட்டரே, காய்ச்சலுக்கு பேரே எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரானு ஒரு பாக்டீரியா எலியோட கிட்னில குடியிருக்கும், எலிக்கு ஒண்ணும் ஆகாது, அது மூத்திரம் போற இடமெல்லாம் கிருமி பரவும், ஈரமான சேத்துல வாரக்கணக்குல உயிரோட கெடக்கும். நம்ம தோல் நல்லா இருந்தா அது லேசுல உள்ள வர முடியாது. ஆனா மணிக்கணக்கா தண்ணில நின்னா தோல் ஊறுன அப்பளம் மாதிரி ஆயிடுது, சின்ன கீறல், சேத்துப்புண்ணு இருந்தா போதும், கண்ணு வாய் வழியாவும் போகும்.

ஃபயர் சர்வீஸ்காரங்க, தூய்மைப் பணியாளருங்க, ஈபி லைன்மேனுங்களுக்குதான் ரிஸ்க் ஜாஸ்தி. கம்பூட்ஸ் குடுத்துட்டோம்னு கணக்கு காட்டுவாங்க, பூட்ஸ் முழங்கால் வரைக்கும், தண்ணி தொடை வரைக்கும்னா உள்ள போன தண்ணி வெளிய வராது, கால் அதுலயே ஊறும், வெறுங்காலுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. அப்பப்ப பூட்ஸ கவுத்து கொட்டி, நல்ல தண்ணில சோப்பு போட்டு கழுவி, கால காய விடணும், அதுக்கு ஆள் மாத்தி ஆள் ஷிப்ட் போடணும். சேறு படிஞ்ச கைல சானிடைசர் வேலை செய்யாது. ஆணி குத்துனா டிடி ஊசி.

எலிக்காய்ச்சல் வராம தடுக்க டாக்ஸிசைக்ளின்னு ஒரு மாத்திரை இருக்கு, தண்ணில வேலை செய்யுற வரைக்கும் வாரத்துக்கு 200 மில்லிகிராம், 2018 வெள்ளத்துல கேரளாவுல இதத்தான் குடுத்தாங்க. டாக்டர கேட்டுத்தான் போடணும், கர்ப்பிணிங்க, சின்ன பசங்களுக்கு ஆகாது. சாப்பிட்டுட்டு ஒரு டம்ளர் தண்ணியோட முழுங்கணும், போட்ட உடனே படுத்தா உணவுக்குழாய் புண்ணாயிடும். ஆனா தோல் ஷாப், அதாவது தோல் பதனிடுற தொழிற்சாலை, கழிவுல இருக்குற குரோமியம்ங்குற ரசாயனத்துக்கு இந்த மாத்திரை எதுவும் பண்ணாது, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் எறங்குறவங்க தண்ணி மேல படாமப் பாத்துக்கறது ஒண்ணுதான் வழி.

காய்ச்சல் பெரும்பாலும் 5லருந்து 14 நாள்ல வரும், கெண்டைக்கால் கடுகடுன்னு வலிக்கும், கண்ணு சிவக்கும், விட்டுட்டா மஞ்சகாமாலை, கிட்னி வரைக்கும் போயிடும். அதுக்குள்ள வெள்ளம் வடிஞ்சு எல்லாரும் மறந்திருப்பாங்க, மழைக்காலம்னால டெங்குனு நெனப்பாங்க, ரெண்டுலயும் பிளேட்லெட் எறங்கும் வேற. அதனால ஓபி சீட்டு வாங்குனதும், டாக்டர் கேக்கலனாலும், இன்ன தேதில வெள்ளத்தண்ணில நின்னேன்னு சொல்லிடுங்க.