பட்டினி கிடந்தால் மார்பகப் புற்றுநோய் குறையுமா?

40 வயதுக்கு முன்பே அனோரெக்சியா நெர்வோசாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 7,303 ஸ்வீடன் பெண்களின் பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வு ஒன்று 2004-ல் வெளிவந்தது. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் சாப்பாட்டையே ஒதுக்கி, எலும்பும் தோலுமாக ஆகிவிடும் நோய் அது. அந்தப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிட 53 சதவீதம் குறைவாக வந்திருந்தது. எப்படி?

உடலில் கொழுப்பு கரையக் கரைய, கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் குறைகிறது. மூளைக்கு அதுதான் கையிருப்புக் கணக்கு. கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், பிள்ளை பெறுவதற்கு இது நேரமில்லை என்பதுபோல மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி தன் சமிக்ஞைகளைக் குறைத்துக்கொள்கிறது. சினைப்பைக்கு வர வேண்டிய தூண்டுதல் வருவதில்லை; ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வற்றுகிறது; மாதவிடாய் நின்றுபோகிறது. கல்லீரலிலிருந்து வரும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் சரிகிறது. மார்பகத்தின் பால்நாளச் செல்களைப் பெருகத் தூண்டுவதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு செல் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏ-வைப் படியெடுக்கிறது. படியெடுப்பதில் பிழை நேரலாம். பிரிவது குறைந்தால் பிழைக்கான வாய்ப்பும் குறைகிறது.

சரி, அப்படியானால் பட்டினி நல்லதா? இல்லவே இல்லை. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றின் பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்த 2015 ஆய்விலும் மார்பகப் புற்றுநோய் குறைவுதான். ஆனால் எல்லாப் புற்றுநோய்களையும் கூட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய 6 மடங்கு, நுரையீரலிலும் அதிகம். புகை, மது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, சத்துக் குறைவு எல்லாம் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இளவயதிலேயே எலும்பு மெலிவது தனிக் கதை. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தைக் கடந்த பெண்களுக்கோ பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் கூடத்தான் செய்தது. சில மாதப் பட்டினியும் பல வருடப் பட்டினியும் உடலுக்கு ஒன்றல்ல.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, இப்படி மெலிந்த பெண்ணுக்குப் புற்றுநோய் வந்த பிறகு நடப்பது. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தை உதாரணமாகப் பார்ப்போம். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதை வைத்துத்தான் அதன் அளவைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு இரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பது வழக்கம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது; வடிகட்டுவது மந்தமானால் இரத்தத்தில் கூடும். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே கரைந்துபோனவருக்குச் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் அந்த எண் குறைவாகவே நிற்கும். ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும். மருந்து மட்டும் தேவைக்கு மேல் ஏறிவிடும்.

எடை குறைவதைப் புற்றுநோயின் கணக்கிலேயே எழுதிவிடுவதும் நடக்கும். கீமோவின் குமட்டல் சாப்பிடாமல் இருக்க ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடும். ஆறிப்போயிருந்த பழைய பயம் மறுபடி தலைதூக்கலாம். "முன்பு எப்போதாவது சாப்பாட்டைக் கண்டு பயந்ததுண்டா அம்மா?" என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

அப்புறம், தெரிந்துவிட்டது என்று தட்டு நிறையச் சோறு வைத்துவிடவும் கூடாது. நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென மாவுச்சத்து போனால் இன்சுலின் எகிறும். இரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டைச் செல்கள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் கொஞ்சமாகத் தொடங்கி, இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துப் பார்த்துத்தான் உணவைக் கூட்டுகிறார்கள்.